சொந்த வாக்கியம்

ஒரு காலத்தில், அதாவது போன வருஷம்தான், நம் ஊர்ப்பக்கம் ஒரு சொல் உழைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் பிக்கப். கடல் தாண்டி வந்த சொல். வந்து இறங்கியபோது பிக் தனி, அப் தனி என்று இரண்டு பேராகத்தான் இருந்தார்கள். இங்கே வந்த பிறகு தோள்மேல் கை போட்டு ஒரே ஆளாகிவிட்டார்கள்.

அதற்கு இருந்த வேலையைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் டிரைவரின் வாயில் ஏறி ஆட்களை அழைத்து வரும். அதை முடிப்பதற்குள் ஒரு வீட்டில், "எத்தனை தடவை அடிக்கறது, ஃபோனை பிக்கப் பண்ணவே மாட்டியா?" என்று ஒருத்தி புருஷனை ஏசுவாள். அங்கே ஓடும். வண்டி மேட்டில் ஏறத் திணறினால் மெக்கானிக் அதைத்தான் கூப்பிடுவார். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடைக்காரர், "இப்பத்தான் யாவாரம் பிக்கப் ஆகுது" என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலும் அது இருக்கும். சொல்லிக் கொடுக்காமலே ஒரு பிள்ளை எதையாவது பார்த்துப் பழகிவிட்டால், "நல்லா பிக்கப் பண்ணிக்கிட்டா" என்பார்கள். அதுவும் அதே ஆள்தான்.

ஆங்கிலம் படித்தவர்களைவிடப் படிக்காதவர்கள்தான் அதை அதிகம் கூப்பிட்டார்கள். ஒருவரும் சான்றிதழ் கேட்டதில்லை. கூப்பிட்டால் வரும், வந்தால் வேலை முடியும், அவ்வளவுதான்.

இப்படி உழைத்த ஒரு சொல்லை நாலு சுவருக்குள் வைத்து, நீ யார், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

அது ஏப்ரல் மாதம். ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. பிக்கப் ஒரு லாரி ஷெட்டில் வேலையாக இருந்தபோது, யாரோ தன் பெயரைச் சொல்லி அழுவது கேட்டது. குரல் வந்த திசையில் போனது. முகாமின் மூன்றாவது அறை, இரண்டாவது மேஜை. அங்கே விரித்து வைத்த ஒரு விடைத்தாளின் நாலாம் பக்கத்தில், நீல மையில், கொஞ்சம் சரிந்த எழுத்தில் ஒரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது.

மை மதர் பிக்டு அப் ஹிந்தி இன் த கம்பெனி. என் அம்மா கம்பெனியில் வேலை செய்தே இந்தி பழகிக்கொண்டாள். இவ்வளவுதான் அந்த வாக்கியம்.

"வந்துட்டீங்களாண்ணா" என்றது வாக்கியம். "நீங்கதான் எனக்குச் சாட்சி சொல்லோணும். என்னை அடிக்கப் போறாங்களாட்ட இருக்குது."

"அழாம சொல்லு. உன்னை எழுதினது யாரு?"

"பிருந்தாங்கண்ணா. அவ பேரு இங்க இருக்காது. திருத்தறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மேல இருந்த சீட்டைக் கிழிச்சுட்டாங்க. வெறும் நம்பர்தான். அவளுக்கு இங்கிலீஷ்னாலே நடுக்கம். அரையாண்டுலயும் ஃபெயிலு, அதுக்கப்புறம் வெச்ச பரீட்சையிலயும் ஃபெயிலு. இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பை நிறுத்திப்போட்டு கம்பெனிக்கு அனுப்பிருவேன்னு அவங்கப்பா சொல்லிட்டாருங்க."

"என்ன கேள்வி?"

"பிக் அப்பை வெச்சு சொந்தமா ஒரு வாக்கியம் எழுதுன்னு கேள்வி. சொந்தமான்னு போட்டிருந்துச்சுங்க. அவ பத்து நிமிஷம் யோசிச்சா. அவகிட்டச் சொந்தமா இருந்தது அவங்கம்மா துளசிமணிதான். பனியன் கம்பெனில வேலை. பக்கத்துல நிக்கறவங்க பூராம் பீகார்க்காரங்க, ஒடிசாக்காரங்க. யாருஞ் சொல்லிக் குடுக்கல. மூணு வருஷம் கூட நின்னு வேலை செஞ்சே இந்தி பேசக் கத்துக்கிட்டாங்க. இப்ப அங்க ஏதாச்சும் சண்டைன்னா சூப்பர்வைசர் அவங்களத்தான் கூப்பிடுவாரு. அதைத்தான் எழுதினா. நான் தப்புங்களாண்ணா?"

பிக்கப் அந்த வாக்கியத்தின் நடுவில் தன் இடத்தைப் பார்த்தது. அச்சாகப் பொருந்தியிருந்தது.

"தப்பா? அந்த மூணு வருஷமும் நானே அந்தம்மா பக்கத்துல நின்னிருக்கேன். இதுக்கு நான் சாட்சி சொல்லாம யார் சொல்றது? நீ தைரியமா இரு."

மேஜையின் நடுவில் விடைக்குறிப்பு படுத்திருந்தது. முகாமில் அதை எல்லோரும் கீ என்று மரியாதையாகச் சொல்வார்கள். இரண்டே பக்கம், ஜெராக்ஸ் தாள், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். அதன் பக்கத்தில் சிவப்புப் பேனா. பேனாவைப் பிடித்திருந்தவர் ஜெபராணி டீச்சர். இருபது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவர். காலைக்குப் பதினைந்து தாள், மதியத்துக்குப் பதினைந்து தாள் என்று கணக்கு. அன்று காலைக் கட்டிலிருந்த தாள்களில் பதினொன்று முடிந்து, இது பன்னிரண்டாவது.

முடிந்த பதினொன்றிலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. ஹீ பிக்டு அப் த பென் ஃப்ரம் த ஃப்ளோர். அவன் தரையில் கிடந்த பேனாவை எடுத்தான். கைடில் அச்சான வாக்கியம் அது. பதினொரு பிள்ளைகளும் குனிந்து அதே பேனாவைத்தான் எடுத்திருந்தார்கள். எடுத்த அவன் யார், பேனா ஏன் கீழே விழுந்தது, ஒருவருக்கும் தெரியாது. பதினொன்றுக்கும் சொந்த வாக்கியம் என்று ஒரு மதிப்பெண் விழுந்திருந்தது.

நீல வாக்கியத்தின் முன்னால் வந்ததும் சிவப்புப் பேனா நின்றது.

"எதற்கு நிற்கிறாய்?" என்றது கீ. "இது என்னிடம் இல்லை. கோடு போடு."

"கொஞ்சம் இருங்க" என்று பிக்கப் முன்னால் வந்தது.

"நீ யார்?"

"பிக்கப்புங்க."

"தொழில்?"

"எதைன்னு சொல்றதுங்க. ஒண்ணா ரெண்டா."

"ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். உனக்கு என்னிடம் அரை வரிதான் இடம். அதில் எழுதியிருப்பதை நானே படிக்கிறேன். கீழே கிடப்பதை மேலே எடுத்தல். அதுதான் உன் தொழில்."

"அதுவும் என் வேலைதாங்க. இல்லேங்கல. ஆனா ஒண்ணைப் பழகிக்கிறதும் என் வேலைதான். நம்பலைன்னா இந்த டீச்சரையே கேளுங்க. நல்ல டிக்‌ஷனரி எதை வேணா பிரிச்சுப் பாருங்க."

"அகராதியை முகாமுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. குறிப்பில் இல்லாதது ஆங்கிலத்தில் இல்லை."

பிக்கப்புக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "நீ பொறந்து எத்தனை நாளாச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை" என்றது கீ, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"நான் எத்தனை தலைமுறையா எத்தனை வாயில வேலை செஞ்சுட்டு வரேன். செவ்வாய்க்கிழமை பொறந்த நீ எனக்குத் தொழில் சொல்றியா?"

"உன் அனுபவத்தை நான் கேட்கவில்லை. எனக்கும் இந்த மாதம் முடிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அதுவரை நான் சொல்வதுதான் சரி."

சிவப்புப் பேனா மெதுவாகச் சொன்னது: "எனக்குக்கூட இது சரின்னுதான் படுது. ஆனா எனக்குப் பட்டு என்ன ஆகப் போகுது."

இவர்கள் பேசியது மனிதர்கள் காதில் விழவில்லை. ஆனால் ஜெபராணி டீச்சருக்கும் அதே உறுத்தல் இருந்தது. அவர் தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் தேர்வாளர் சந்தானகோபால் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன். கீயில இல்ல. ஆனா பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கு. படிச்சுக்கிட்டாங்கங்கிற அர்த்தத்துல."

சந்தானகோபால் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். லேசாகச் சிரித்தார்.

"சரிதான் டீச்சர். நல்லாவே எழுதியிருக்கு. நான்கூட வீட்டுல இப்படித்தான் சொல்வேன்."

"அப்ப போட்டுடவா சார்?"

"கீயில இல்லையே. நீங்க போட்டு, அடுத்த ரூம்ல ஒருத்தர் போடாம விட்டுட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது? அடிச்சுட்டுப் போங்க."

"சொந்த வாக்கியம்னு கேட்டுட்டு, சொந்தமா எழுதினா அடிக்கணுமா சார்?"

"ஒரு மார்க் டீச்சர். மதியக் கட்டு வேற இருக்கு."

தெரியாதவர் செய்தால் மன்னித்துவிடலாம். இங்கே இரண்டு பேருக்கும் சரி என்று தெரியும். சரி என்று வாய்விட்டுச் சொன்னார்கள். சொன்ன பிறகு அடித்தார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நிர்வாகம் என்று அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

சிவப்புக் கோடு வாக்கியத்தின் குறுக்கே, மதர் என்ற இடத்திலிருந்து கம்பெனி வரைக்கும் போனது. அதன்மேல் இன்னொரு கோடு. ஓரத்தில் ஒரு பூஜ்ஜியம் வந்து உட்கார்ந்தது. "மன்னிச்சுக்கம்மா, என்னைப் போட்டாங்க, வந்துட்டேன்" என்றது அது.

பிக்கப் கீயிடம் திரும்பிச் சொன்னது: "சரி. கீழே கிடக்கறதை எடுக்கறது மட்டும்தானே என் தொழில்? இனிமே இந்த ரூம்ல அதை மட்டும் செய்யறேன். ஒண்ணும் கூடவும் செய்ய மாட்டேன், குறையவும் செய்ய மாட்டேன்."

"அதுதான் ஒழுங்கு" என்றது கீ.

அந்த நேரத்தில் சந்தானகோபாலின் ஃபோன் அடித்தது. வெளியூரிலிருந்து அவர் மைத்துனர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மகன்தான் பேசினான். சந்தானகோபால் தினமும் பேசுகிற மாதிரி வாயைத் திறந்தார்.

"ரெண்டு மணிக்கு மாமா பஸ் ஸ்டாண்ட் வந்துருவாரு. நீ போயி அவரை..."

அந்த இடத்தில் எப்போதும் தானாக வந்து நிற்கும் சொல் வரவில்லை. அவர் தடுமாறினார். கூட்டிக்கொண்டு வா என்று தமிழ் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட்டு வருஷக்கணக்கானதால் அது இருக்கும் வழி அவருக்கு மறந்திருந்தது. பிக்கப் தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வேலையோடு அவர் நாக்கில் வந்து நின்றது.

"அவரை... தூக்கிட்டு வந்துரு."

"தூக்கிட்டா? ஏம்பா, மாமா தொண்ணூறு கிலோ இருப்பாரே."

"அட, அதில்லடா. பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. நீ போயி, கீழருந்து அப்படியே எடுத்து..."

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? வெயில்ல இருக்கீங்களா?"

சந்தானகோபால் ஃபோனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று பியூனைத் திட்டினார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஜெபராணி டீச்சர் பன்னிரண்டாவது தாளைக் கூட்டினார். முப்பத்து நான்கு வந்தது. இன்னொரு முறை கூட்டினார். அதே முப்பத்து நான்கு. முப்பத்தைந்து இருந்தால்தான் தேர்ச்சி.

இந்த முகாம்களில் ஒரு பழக்கம் உண்டு. முப்பத்து நான்கு என்று எந்தத் தாளையும் மூட மாட்டார்கள். ஒரு மார்க்கில் ஒரு பிள்ளையின் வருஷம் போகக் கூடாது என்று, எங்காவது ஒரு மதிப்பெண் விடுபட்டிருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடுவார்கள். நல்ல மனசுதான். நான் குறை சொல்லவில்லை.

"சார், தர்ட்டி ஃபோர்ல நிக்குது."

சந்தானகோபால் எழுந்தே வந்துவிட்டார். "ஐயோ பாவம். எங்கயாவது ஒண்ணு கெடைக்குதா பாப்போம், குடுங்க."

இதைக் கேட்டதும் நாலாம் பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த வாக்கியம் தலை தூக்கியது. "அண்ணா, தேடறாங்க. ஒரு மார்க்தான் தேடறாங்க. அது எங்கிட்டத்தானுங்க இருக்குது. இப்ப இங்க வருவாங்க பாருங்க."

"வருவாங்கம்மா" என்றது பிக்கப். அதுவும் நம்பியது.

முதல் பக்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஏற்கெனவே தாராளமாகப் போட்டாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் கோடுகள்தான் இருந்தன. நாலாம் பக்கம் வந்தது. சந்தானகோபாலின் கட்டைவிரல் சரியாக அந்த வாக்கியத்தின் மேலேயே பதிந்து, பக்கத்தைத் திருப்பியது.

ஒன்பதாம் பக்கத்தில் பிருந்தாவுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி இருந்தது. சும்மா விட வேண்டாம் என்று கேள்வித்தாளில் இருந்த கேள்வியையே பார்த்து எழுதி வைத்திருந்தாள். இடம் மீதி இருந்ததால் இரண்டாவது தடவையும் எழுதியிருந்தாள். இரண்டாவது தடவையில் நாலு எழுத்துப் பிழை.

"இந்தா, இங்க இருக்கு" என்றார் சந்தானகோபால். "அரைப்பக்கம் எழுதியிருக்கு. முயற்சி பண்ணியிருக்கு. ஒண்ணு போடுங்க."

சிவப்புப் பேனா அங்கே ஒரு சரி போட்டது. அந்தப் பதிலுக்கே கூச்சமாகிவிட்டது. "எனக்கா? நான் ஒண்ணுமே சொல்லலையே. கேள்வியைத்தான திருப்பிச் சொன்னேன்" என்று அது பக்கத்துப் பதிலிடம் கேட்டது.

முப்பத்தைந்து. அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சந்தானகோபால் புண்ணியம் செய்த முகத்தோடு தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

பிக்கப் மேஜையின் மேலே ஏறி நின்றது. "இதென்னங்க நியாயம்? சரியா எழுதினதுக்கு சைபர், ஒண்ணும் எழுதாததுக்கு ஒண்ணா?"

"அவள் தேறிவிட்டாள் அல்லவா?" என்றது கீ. "இன்னும் என்ன வேண்டும் உனக்கு?"

"அவ வேலை செஞ்சு சம்பாரிச்ச மார்க் அது. அதைப் பிடுங்கிக்கிட்டு, அதே அளவுக்குப் பிச்சை போட்டிருக்கீங்க. கணக்கு சரியாப் போச்சுன்னா எல்லாம் சரியாப் போச்சா?"

"கூட்டுத்தொகை ஒன்றுதானே. எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன?"

அப்போது நாலாம் பக்கத்திலிருந்து வாக்கியம் பேசியது. குரல் அடங்கிப் போயிருந்தது. "எனக்கு மார்க் வேண்டாமுங்க. அதான் வேற எடத்துல போட்டுட்டீங்களே. என்ற மேல இருக்கற கோட்டை மட்டும் எடுத்துருங்க. அது போதும்."

கீயில் அதற்கு அரை வரிகூட இடம் இல்லை. சிவப்புப் பேனாதான் தலை குனிந்து சொன்னது: "எனக்குப் போடத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது."

ஜெபராணி டீச்சர் நாலாம் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு தாளை மூடிவிட்டுப் பதின்மூன்றாவதை எடுத்தார். அதில் அவன் தரையில் கிடந்த பேனாவை எடுத்திருந்தான்.

முடிவு வந்தது. பிருந்தா தேறிவிட்டாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "சரி, படி" என்றார். அந்த அளவுக்கு நல்லதுதான்.

ஆனால் பரீட்சை எழுதி வந்த அன்றைக்கே பிருந்தா அம்மாவிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "இங்கிலீஷ் பரீட்சையில உன்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கறேம்மா." துளசிமணியைப் பற்றி அதுவரை யாரும் எதையும் எழுதியதில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, கம்பெனி அட்டையில் நம்பர் இருக்கிறது. இங்கிலீஷில், அதுவும் பரீட்சைத் தாளில், தன்னைப் பற்றி ஒரு வரி. அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தால் வரும் என்று யாரோ சொன்னார்கள். பாஸ் ஆனவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. துளசிமணி கேட்டாள். வந்ததும் பிரவுசிங் சென்டரில் கலரிலேயே பிரின்ட் போடச் சொன்னாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பிக்கப் அன்றைக்கு எந்த வேலைக்கும் போகாமல் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தது.

"இதுல நான் எங்க இருக்கறேன்?"

பிருந்தா நாலாம் பக்கத்தை எடுத்தாள். எடுத்ததும் அவள் முகம் மாறியது. ஆனாலும் விரலை வைத்துக் காட்டினாள். "இங்கம்மா. மை மதர். அதுதான் நீ."

"என்னன்னு எழுதியிருக்கற?"

"நீ கம்பெனியில வேலை செஞ்சுக்கிட்டே இந்தி கத்துக்கிட்டேன்னு."

"நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

"அப்புறம் எதுக்கு எம்மேல சிவப்புக் கோடு?"

பிருந்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் தப்பா எழுதிட்டேனாட்ட இருக்குதும்மா" என்றாள்.

இல்லை என்று பிக்கப் வாசலில் நின்று கத்தியது. சொல்லின் குரல் யாருக்குக் கேட்கும்.

துளசிமணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க டியூப்லைட் அடியில் நின்று, ஒவ்வொரு பனியனாக விரித்து, எங்கே ஓட்டை, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தத் தாளையும் அவள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முன்னால் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள்.

"எங்க கம்பெனியிலயும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம் கண்ணு. சும்மா ஒட்டிர முடியாது. ஓட்டை எங்கன்னு வெரல் வெச்சுக் காட்டோணும். எம்மேல எங்க ஓட்டை இருக்குதுன்னு அவங்களைக் கேட்டுச் சொல்லு."